நாங்கள் வெட்டிய காட்சி

சென்ற வருடம் எமது கல்லூரிக் கலை விழாவில் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தைத் தமிழில் சுருக்கி மேடையேற்றினோம். எமக்குத் தரப்பட்ட நேரம் 25 நிமிடங்கள். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது இதுதான். என்றாலும், ஐந்து அங்கங்களை 25 நிமிடத்துக்குள் அடக்குவதென்றால் கத்தரிக்கோலை எடுக்காமல் முடியாது. அந்தக் கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. பிரதியைச் சுருக்கி எழுதியவள் நான்.

நாடகம் நன்றாகவே போனது. டங்கன் மன்னனின் தாடி இரண்டு தடவை விழுந்ததைத் தவிர வேறு குறை இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் பாத்திரங்களையெல்லாம் சிறுவர்களே நடித்தார்களாம். எங்கள் மேடையில் தளபதிகளும் பிரபுக்களும் கொலைகாரரும் நாங்களே. ஒப்பனையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, உம்மாவும் வேறு சில தாய்மாரும் மண்டப வாசலில் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

“அந்தப் பொம்பிளை மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் நல்ல மனிசனாகவே இருந்திருப்பான்” என்றார் ஒரு தாய். மற்றவர்கள் தலையாட்டினார்கள். வாப்பாவும் பின்னால் நின்று தலையாட்டினார். லேடி மக்பெத்தாக நடித்த என் தோழி சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை நடிப்புக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

அடுத்த தவணையில் ஆங்கில இலக்கியப் பாடத்துக்காக மூல நாடகத்தை முழுமையாக வாசிக்க வேண்டி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தாய்மார் நாடகத்தைப் பிழையாக விளங்கவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே சரியாக விளங்கியிருந்தார்கள். பிழை என் வெட்டில் இருந்தது.

கதை தெரியாத தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கொட்லாந்து மன்னன் டங்கனின் தளபதி மக்பெத். போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்படுகிறார்கள். கிளாமிஸின் பிரபுவே, கோடோரின் பிரபுவே, வருங்கால அரசனே என்று அவனை வாழ்த்துகிறார்கள். கூட வந்த பாங்கோவின் வழித்தோன்றல்கள் அரசாள்வார்கள் என்றும் சொல்கிறார்கள். சற்று நேரத்தில், கோடோர் பட்டத்தை மன்னர் மக்பெத்துக்கு வழங்கிவிட்டார் என்ற செய்தி வருகிறது. மிச்சமும் நடக்கும் என்ற ஆசை அவனைப் பிடித்துக்கொள்கிறது. மன்னன் தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து உறங்கிய இரவில் அவனைக் குத்திக் கொன்று முடிசூடுகிறான். பிறகு பாங்கோவைக் கொல்விக்கிறான். பிறகு மக்டஃப் என்ற பிரபுவின் மனைவியையும் பிள்ளைகளையும். கடைசியில் மக்டஃபின் வாளுக்கு இரையாகிறான்.

நான் வெட்டியது முதல் அங்கத்தின் ஏழாவது காட்சியின் தொடக்கத்தை. விருந்து நடந்துகொண்டிருக்கும்போது மக்பெத் எழுந்து வந்து தனியே நின்று தனக்குள் பேசுகிறான். ஒரு ஆள் அசையாமல் நின்று இரண்டு நிமிடம் பேசினால் தரம் ஆறுப் பிள்ளைகள் சத்தம் போடத் தொடங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆகவே லேடி மக்பெத் உள்ளே வரும் இடத்திலிருந்து காட்சியைத் தொடங்கினேன். அவள் வருகிறாள், அவனது ஆண்மையைக் கேலி செய்கிறாள், அவன் உடைகிறான். காட்சி விறுவிறுப்பாக இருந்தது.

அந்த இரண்டு நிமிடத்தில் மக்பெத் என்ன பேசுகிறான் தெரியுமா? கொலை செய்யக் கூடாது என்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறான். நான் அவருக்கு உறவினன். நான் அவரது குடிமகன். இன்று நான் அவருக்கு விருந்தளிப்பவன். கொலைகாரன் வந்தால் கதவை அடைத்துத் தடுக்க வேண்டியவனே நான்தான், என்பது அவன் நினைப்பு. அதற்கு மேலும் போகிறான். டங்கன் அதிகாரத்தை மென்மையாக நடத்திய மன்னன், அவர் இறந்தால் நாடே அழும் என்பதும் அவனுக்குத் தெரிகிறது. மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறான். பேராசை ஒன்றைத் தவிர எதுவும் இல்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான்.

ஒரு ஆசிரியரோ மார்க்க அறிஞரோ வந்து அவனுக்கு உபதேசம் செய்திருந்தாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. இவ்வளவும் தெரிந்த ஒருவனை மனைவியின் பேச்சில் மயங்கிய அப்பாவியாக நான் மேடையில் நிறுத்திவிட்டேன். அந்த இரண்டு நிமிடத்தை எடுத்ததும் அவனது அறிவும் போய்விட்டது, அதனுடன் அவனது பொறுப்பும் போய்விட்டது. மிஞ்சிய பழியெல்லாம் அடுத்து உள்ளே வந்தவளின் தலையில் விழுந்தது.

இன்னும் பின்னுக்குப் போய்ப் பார்த்தேன். சூனியக்காரிகள் மூவரில் ஒருத்திகூடக் கொலை என்ற சொல்லை அந்தச் சந்திப்பில் உச்சரிக்கவில்லை. ‘அரசனாவாய்’ என்பதுடன் அவர்களது பேச்சு முடிகிறது. அந்தச் செய்தியைக் கேட்டுக் கொலையை நினைத்தது மக்பெத்தின் சொந்த மனம். நினைத்த மாத்திரத்தில் தலைமயிர் சிலிர்க்கிறது, நெஞ்சு அடிக்கிறது. அதே காட்சியில், விதி என்னை அரசனாக்க விரும்பினால் நான் அசையாமலே அது நடக்கட்டும் என்றும் ஒரு கணம் நினைக்கிறான். கோடோர் பட்டம் அப்படித்தான் வந்தது. அதற்காக அவன் சதி எதுவும் செய்யவில்லை. காத்திருக்கலாம் என்ற வழி அவன் கண்முன்னே திறந்து கிடந்தது.

அந்தக் காட்சியின் ஆரம்பத்தில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. வாசிப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு மாலுமியின் மனைவி தனக்குக் கொட்டை தர மறுத்ததற்காக அந்த மாலுமியை வதைக்கப் போவதாக ஒரு சூனியக்காரி சொல்கிறாள். ஆனால் அவனது கப்பலைப் புயலில் அலைக்கழிக்க முடியுமே தவிர மூழ்கடிக்க முடியாது என்பதையும் அவளே சொல்லிவிடுகிறாள். மக்பெத் மேடைக்கு வருவதற்கு முன்பே, இவர்களால் எதுவரை முடியும் என்பதை ஷேக்ஸ்பியர் எமக்குக் காட்டிவிடுகிறார்.

இந்த நாடகம் 1606ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. அப்போது இங்கிலாந்தின் அரியணையில் இருந்தவர் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் மன்னர். சூனியத்தை முழுமையாக நம்பியவர். அது பற்றி 1597இல் ஒரு நூலே எழுதியவர். அவர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டு, 1604இல், இங்கிலாந்தில் சூனியத்துக்கு எதிரான சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஸ்கொட்லாந்தில் சூனியக்காரி என்ற பெயரில் எத்தனையோ பெண்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு சபையில், எல்லாம் சூனியக்காரிகளின் வேலை என்று முடித்திருந்தால் கைதட்டல் நிச்சயம். ஷேக்ஸ்பியர் அந்த இலகுவான வழியில் போகவில்லை.

அவர் கதையை எடுத்த இடத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். ஹொலின்ஷெட் என்பவரின் பெயரில் வெளிவந்த வரலாற்றுத் தொகுப்பு அவருக்கு மூலமாக இருந்தது. அதில் வரும் டங்கன் உறுதியற்ற ஆட்சியாளன். பாங்கோவும் கொலைக்கு உடந்தை. கொன்ற பிறகு மக்பெத் பல ஆண்டுகள் நல்லாட்சியும் செய்கிறான். உண்மை வரலாற்றிலோ டங்கன் 1040இல் போரில் இறந்தவர். மக்பெத் 1057வரை, 17 ஆண்டுகள் ஆண்டவர். ஷேக்ஸ்பியர் டங்கனை முதியவராக, கனிவானவராக மாற்றினார். பாங்கோவை உடந்தையிலிருந்து விடுவித்தார். ஜேம்ஸ் மன்னர் பாங்கோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டார் என்பதும் அதற்கு ஒரு காரணம்தான். நல்லாட்சி ஆண்டுகளை அப்படியே தூக்கிவிட்டார். விருந்தாளியாக வந்த மன்னனைக் கொல்லும் பகுதியை, அதே தொகுப்பிலுள்ள டொன்வால்ட் என்ற வேறொருவனின் கதையிலிருந்து எடுத்தார். அந்த டொன்வால்டும் மனைவியின் தூண்டுதலால் கொலைக்கு இறங்குபவன்தான். ஆனால் கொலையைத் தன் வேலைக்காரர்களை வைத்துச் செய்விக்கிறான். ஷேக்ஸ்பியர் அந்த வேலைக்காரர்களை நீக்கிவிட்டுக் கத்தியை மக்பெத்தின் கையிலேயே கொடுத்தார்.

அவரும் வெட்டினார், நானும் வெட்டினேன். மக்பெத் ஒளிந்துகொள்ளக்கூடிய மூலைகளை அவர் ஒவ்வொன்றாக அடைத்தார். நான் அவற்றைத் திறந்துவிட்டேன்.

லேடி மக்பெத் குற்றமற்றவள் என்று வாதாட நான் வரவில்லை. காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்தவள் அவள். கத்திகளை எடுத்து வைத்தவள் அவள். கணவன் பயந்து திரும்பிவர, இரத்தம் தோய்ந்த கத்திகளை மீண்டும் அந்த அறைக்குள் கொண்டுபோய், உறங்கிக்கொண்டிருந்த காவலர்மீது இரத்தம் பூசியவளும் அவள்தான். அவன் பின்வாங்கிய நேரத்தில் அவள் மௌனமாக இருந்திருந்தால் டங்கன் அன்றிரவு பிழைத்திருக்கலாம். அந்தக் குற்றம் முழுமையாக அவளுடையது. ஆனால் பழி என்பது இரண்டு பேர் பங்கு பிரிக்கும் அரிசி மூட்டை இல்லையே, அவளுக்கு அதிகம் போனால் அவனுக்குக் குறைவதற்கு! அவளது பழி முழுமையாக அவளுக்கு இருக்க, அவனது பழி முழுமையாக அவனுக்கு இருக்கிறது. இதில் இன்னொன்று. இந்த யோசனையை முதலில் என்னிடம் சொன்னவர் நீங்கள்தானே என்று அவள் அவனிடமே கேட்கிறாள். அவன் அதை மறுக்கவில்லை. எங்கள் பிரதியில் அந்த வரியும் இருக்கவில்லை.

கொலைக்குப் பின் நடப்பவற்றையும் பாருங்கள். மறுநாள் காலை, காவலர்கள் வாய் திறக்குமுன் அவர்களைக் கொல்கிறான். அது மனைவியுடன் போட்ட திட்டத்தில் இல்லை. பாங்கோவைக் கொல்ல ஆட்களை ஏற்பாடு செய்தபோது, நீ இதை அறியாமலிருப்பதே நல்லது என்று மனைவியைச் செல்லமாக ஒதுக்கிவைக்கிறான். மக்டஃப் இங்கிலாந்துக்குத் தப்பிவிட்டான் என்று தெரிந்த பிறகு அவனுடைய மனைவி மக்களைக் கொல்லச் சொல்கிறான். அதனால் அவனுக்கு எந்த இலாபமும் இல்லை. சூனியக்காரிகள் அப்படிச் சொல்லவில்லை. மனைவியிடம் அவன் கேட்கவுமில்லை.

இவற்றையெல்லாம் எங்கள் நாடகத்தில் ஒரு கதைசொல்லி ஒரே வசனத்தில் முடித்தாள்: “அதன் பின்னர் பல கொலைகள் நடந்தன.” நான் எழுதிய வசனம்தான். ‘நடந்தன’ என்ற சொல்லை இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. கொலைகள் மழையைப்போலத் தாமாக நடப்பதில்லை. எங்கள் வீட்டில் தம்பி கோப்பையைப் போட்டு உடைத்துவிட்டு “உடைந்துவிட்டது” என்பான். “உடைத்துவிட்டேன்” என்று ஒருநாளும் சொன்னதில்லை. உம்மா ஒவ்வொரு முறையும் திருத்துவார். நானும் கூடவிருந்து சிரிப்பேன். அதே தந்திரத்தை நான் ஒரு மண்டபம் நிறைந்த சபையிலே செய்திருக்கிறேன், ஒருவரும் திருத்தவில்லை.

மக்பெத்தின் பேச்சிலும் இந்த மாற்றம் நடக்கிறது. டங்கனைக் கொன்று திரும்பிய இரவில் தான் காரியத்தைச் செய்து முடித்துவிட்டதாக மனைவியிடம் சொல்கிறான். அப்போது ‘நான்’ இருக்கிறது. பின்னர் விருந்து மண்டபத்தில் பாங்கோவின் ஆவி அவனது ஆசனத்தில் வந்து அமரும்போது, அதைச் செய்தவன் நான் என்று நீ சொல்ல முடியாது என்கிறான். கூலிக்குப் பிடித்த ஆட்கள்தானே குத்தினார்கள்! தன் கையால் கொன்றபோது உண்மை பேசியவன், பிறர் கையால் கொன்றதும் வழக்கறிஞன்போல் பேசக் கற்றுக்கொண்டுவிட்டான்.

வகுப்பில் இதைப்பற்றிப் பேசியபோது ஒரு தோழி நல்லதொரு கேள்வி கேட்டாள். சூனியக்காரிகள் சொன்னதெல்லாம் பலித்ததே, அப்படியானால் அவனுக்குத் தெரிவு எங்கே இருந்தது? எல்லாம் முன்பே எழுதப்பட்டதுதானே? நான் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தேன். மக்பெத் அரசனாவான் என்று சொன்ன அதே வாய்கள்தான் பாங்கோவின் வழித்தோன்றல்கள் ஆள்வார்கள் என்றும் சொல்லின. முதலாவதை விதி என்று ஏற்றுக்கொண்டவன் இரண்டாவதைத் தடுக்க ஆள் அனுப்புகிறான். விதியை எதிர்க்கலாம் என்று அவனே நம்பியிருக்கிறான். தனக்குக் கிடைப்பது விதி, பிறருக்குக் கிடைப்பது மட்டும் மாற்றக்கூடியது என்றால் அது என்ன விதி? மறுநாள் தோழியிடம் சொன்னேன். பாதி ஏற்றுக்கொண்டாள். “ஆனாலும் அவர்கள் பேசாமல் போயிருந்தால்...” என்று இழுத்தாள். அந்த ‘ஆனாலும்’ எனக்கும் முழுதாகப் போய்விடவில்லை. அதே வார்த்தைகளைக் கேட்ட பாங்கோ யாரையும் கொல்லவில்லை என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். அவனும் சுத்தமானவன் இல்லை. மக்பெத்மீது சந்தேகம் வந்தபிறகும், தனக்குச் சொல்லப்பட்டதும் பலிக்குமே என்ற நப்பாசையில் வாய் மூடி இருக்கிறான். அந்த மௌனம் அவனது தெரிவு.

என்னை மிகவும் உலுக்கியது மக்டஃப். மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்ட செய்தி அவனை இங்கிலாந்தில் வந்தடைகிறது. ஆண்மகனாக இதைத் தாங்கு என்கிறான் இளவரசன் மல்கம். தாங்குவேன், ஆனால் ஒரு மனிதனாக இதை உணரவும் வேண்டும் என்கிறான் மக்டஃப். பின்பு, அவர்கள் தங்கள் பிழைக்காகச் சாகவில்லை, என் பிழைக்காகச் செத்தார்கள் என்று தன்னையே நொந்துகொள்கிறான். கொன்றவன் மக்பெத் என்பது அவனுக்குத் தெரியும். அவனைப் பழிவாங்கவே வாளை எடுக்கிறான். என்றாலும், காவலின்றி அவர்களை விட்டு வந்தது தான் என்பதை மறைக்கவில்லை. தனக்கு வரவேண்டிய பங்கை அவன் கேட்காமலே எடுத்துக்கொள்கிறான். அதே நாடகத்தின் கடைசிக் காட்சிகளில் மக்பெத்தோ, இரட்டை அர்த்தத்தில் பேசி என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சூனியக்காரிகளைச் சபித்துக்கொண்டிருக்கிறான்.

லேடி மக்பெத்தும் இந்த விடயத்தில் கணவனைவிட நேர்மையானவள் என்று சொன்னால் யாரும் கோபிக்கக் கூடாது. கொஞ்சத் தண்ணீரில் கழுவினால் போய்விடும் என்று சொன்னவள், பின்னர் தூக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத இரத்தத்தைக் கையிலிருந்து கழுவிக்கொண்டே இருக்கிறாள். அந்த நேரத்தில் மக்டஃபின் மனைவி எங்கே என்று கேட்கிறாள். அந்தக் கொலையில் அவளுக்குப் பங்கு இருந்ததாக நாடகத்தில் எங்கும் இல்லை. ஆனால் அதன் ஆரம்பம் தன் வீட்டில், அந்த இரவில் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது அவளை உறங்க விடவில்லை. இறுதியில், புதிய அரசனாகும் மல்கம், மக்பெத்தைக் கசாப்புக்காரன் என்றும் அவளைப் பேய்ப்பிறவி என்றும் தூற்றுகிறான். தந்தையை இழந்த மகன், அவனது கோபம் நியாயம். ஆனால் தன் அறையில் அவள் கை கழுவியதை அவன் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் நாமும்தான்.

நான் ஏன் இதை இவ்வளவு நீட்டுகிறேன் என்று பெற்றோர் கேட்கலாம். வாசலில் நின்று அந்தத் தாய் சொன்ன வசனம் மேடை நாடகத்துக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை. மகன் வீட்டைக் கவனிக்காவிட்டால் மருமகள் வந்த ராசி. படிப்பில் பின்தங்கினால் கூட்டாளிமார் கெடுத்துவிட்டார்கள். கடன்பட்டால் மனைவியின் ஆசை. இவற்றைக் கேட்டுக்கொண்டே நாங்கள் வளர்கிறோம். ஒரு பெண்பிள்ளைக்கு இதில் ஒரு விசித்திரமான பாடம் கிடைக்கிறது. வீட்டில் ஒரு முடிவு எடுக்கும்போது, உனக்கென்ன தெரியும், உள்ளே போ என்பார்கள். அந்த முடிவு பிழைத்துப்போனால், நீதானே சொன்னாய் என்பார்கள். முடிவெடுக்கும்போது எடையில்லாத எங்கள் வார்த்தைக்குப் பழி சுமத்தும்போது மட்டும் எங்கிருந்து அத்தனை எடை வருகிறது? இது மகன்மாருக்கும் நல்லதல்ல. தன் தெரிவைத் தன்னுடையது என்று சொல்லப் பழகாதவன் மக்பெத்தைப்போலக் கடைசிவரை யாரையாவது சபித்துக்கொண்டுதான் இருப்பான்.

எங்களையும் நான் விட்டுவைக்கவில்லை, தங்கைகளே. ‘அவள்தான் போவோம் என்றாள்’, ‘எல்லோரும் பார்த்து எழுதினார்கள், நானும் எழுதினேன்’ என்பவை எங்கள் வகுப்பறைகளில் நாளாந்தம் கேட்பவை. பழியை மற்றவர் எங்கள்மீது போடும்போது கோபம் வருகிறது. எங்கள் பழியை மற்றவர்மீது இறக்கிவைக்கும்போது இலேசாக இருக்கிறது. நான்கூட இந்தக் கட்டுரையின் முதல் பிரதியில், நேரம் 25 நிமிடம்தான் தரப்பட்டது, அதனால்தான் அந்தக் காட்சியை விட நேர்ந்தது என்று எழுதியிருந்தேன். ராத்தா வாசித்துவிட்டு, “25 நிமிடம் தந்தது அவர்கள். எதை வெட்டுவதென்று முடிவெடுத்தது யார்?” என்று கேட்டார். அந்த வசனத்தை அடித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து எழுதினேன்.

இந்த வருடமும் அதே நாடகத்தை மேடையேற்ற அனுமதி கிடைத்திருக்கிறது. மக்பெத் தனியே நின்று பேசும் இடத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். “இவ்வளவு நேரம் தனியாக நிற்கவா?” என்று மக்பெத்தாக நடிக்கும் தோழி முறைக்கிறாள். கதைசொல்லியின் வசனமும் மாறிவிட்டது. ஒத்திகையில் இப்போது 28 நிமிடம் வருகிறது. மூன்று நிமிடம் வெட்ட வேண்டும். சூனியக்காரிகளின் நடனத்தைத்தான் எடுக்கலாம் என்றிருக்கிறேன். தரம் ஆறுத் தங்கைகள் என்னை மன்னிக்கப் போவதில்லை.